ஆறில் ஒரு செல்

காலையில் காரின் சாவியைத் திருப்பினால் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றும். டாஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கும். அணைந்துவிடும் என்று நினைக்கிற நேரத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அதே வண்டி மதியத்திலும் சாயங்காலத்திலும் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகும். பத்து நாள் இப்படியே ஓட்டினேன். பதினோராம் நாள் காலையில் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் ஜம்பர் கேபிள் கொண்டுவந்து உயிர் கொடுத்தார்.

பேட்டரி வாங்கி 19 மாதம்தான் ஆகியிருந்தது. வாரண்டி கார்டில் முதல் 24 மாதத்துக்கு இலவச மாற்று என்றும், அதற்குப் பிறகு 48 மாதம் வரை விலையில் ஒரு பங்கு மட்டும் கழிவு என்றும் போட்டிருந்தது. அதனால் அன்றே வாங்கின கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். இறங்கிய கையோடு அங்கிருந்த தம்பி டிஜிட்டல் டெஸ்டரின் கிளிப்பை மாட்டினார். "பேட்டரி நல்லா இருக்கு சார். வண்டியிலதான் எங்கேயோ கரண்ட் லீக் ஆகுது, எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க" என்றார். சார்ஜ் போட்டுக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில் மறுபடி அதே இழுவை.

அந்தத் தம்பி மீது எனக்குக் குறை இல்லை. டெஸ்டர் காட்டியதைத்தான் சொன்னார். பார்த்த நேரம்தான் தப்பு. வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அணைத்தவுடன் அளந்தால் பேட்டரிக்குள் இருக்கும் தகடுகளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கிற சார்ஜும் சேர்ந்து, எந்தப் பேட்டரியும் தெம்பாகத்தான் தெரியும். சில மணி நேரம் சும்மா விட வேண்டும். முடியாவிட்டால் ஹெட்லைட்டை இரண்டு மூன்று நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்தாவது அளக்க வேண்டும். என் பேட்டரி ராத்திரியில்தான் சாகிறது. கடையில் பார்த்ததோ நல்ல பகலில், ஓடிவந்த சூட்டோடு.

வண்டிமேல் பழி வந்துவிட்டதால் முதலில் வண்டி சுத்தம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. மல்டிமீட்டர் கையில் இருந்தது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.2 வோல்ட், ஹெட்லைட், புளோவர் எல்லாம் போட்டபின் 14.0. ஆல்டர்னேட்டரில் குறை இல்லை. டெர்மினல்களைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். வெள்ளைப் பூச்சு அதிகம் இல்லை, ஆனாலும் இதைச் செய்யாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. டெர்மினல் லூஸாக இருந்தாலும் செல்ஃப் இதே மாதிரிதான் இழுக்கும்.

அடுத்தது கரண்ட் லீக். இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் கோத்தேன். பானெட் திறந்திருப்பது வண்டிக்குத் தெரியாமல் இருக்க, அதன் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடின நிலைக்குக் கொண்டுவந்தேன். சாவியை வீட்டுக்குள் வைத்தேன். முதலில் 2 ஆம்பியர் வரை காட்டியது. பார்த்ததும் பகீர் என்றது, ஆனால் வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக நேரம் பிடிக்கும். படிப்படியாக இறங்கி, 25 நிமிடத்தில் 0.03 ஆம்பியரில் நின்றது. அதாவது 30 மில்லி ஆம்பியர். பொதுவாக 50 வரை சகஜம் என்பார்கள். கணக்குப் போட்டால் நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, என் 45 ஆம்பியர்-மணி பேட்டரி பாதியாகவே ஒரு மாதம் பிடிக்கும். ஒரே ராத்திரியில் படுக்க வைக்கிற லீக் வண்டியில் இல்லை. (மீட்டர் இப்படிக் கோத்திருக்கும்போது சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.)

மிச்சம் பேட்டரி மட்டும்தான். முழுசாகச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எந்த இணைப்பும் இல்லாமல் வைத்தேன். சில மணி நேரம் கழித்து 12.66. மறுநாள் காலை 12.60. அதற்கும் மறுநாள் 12.54. இதைப் பார்த்து நானே தடுமாறினேன். 12.54 மோசமான எண்ணே இல்லை. ஆனால் கேபிளை மாட்டி, மனைவியைச் சாவி திருப்பச் சொல்லி, மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்ஃப் சுற்றும்போது எண் 8.4-க்கு விழுந்தது. நல்ல பேட்டரி அந்த நேரத்தில் 9.6-க்குக் கீழே போகக் கூடாது.

விடை ஹைட்ரோமீட்டரில், அதாவது பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவியில், கிடைத்தது. என்னுடையது செல்லுக்கு ஒன்றாக ஆறு மூடிகள் உள்ள பேட்டரி என்பதால் திறக்க முடிந்தது. சீல் வைத்ததை நெம்பித் திறந்தால் வாரண்டியே போய்விடும், அதைத் தொட வேண்டாம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஒவ்வொரு செல்லாக ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தேன். முதல் செல் 1265 (தண்ணீரை 1000 என்று வைத்த கணக்கு). இரண்டாவது 1260. மூன்றாவதில் மிதவை சரியாக எழும்பவில்லை, தாழ்ந்தே நின்றது: 1150. மற்றவற்றில் கண்ணாடி மாதிரி இருந்த ஆசிட், இதில் கலங்கிப் பழுப்பாக வந்தது. மீதி மூன்றும் 1260, 1265, 1260. செல்லுக்குச் செல் 50 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே அந்தச் செல் சரியில்லை என்று அர்த்தம். இங்கே 100-க்கும் மேல்.

அப்போதுதான் எல்லாம் பொருந்தியது. 12 வோல்ட் பேட்டரி என்பது ஆறு செல் வரிசையாக நிற்பது. நிறைந்த செல் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 2.1 வோல்ட். அதில் ஒன்று மட்டும் 2-க்குச் சற்றுக் கீழே இறங்கினால் மொத்தத்தில் 0.1 வோல்ட்தான் குறையும். மீட்டர் அதைப் பெரிதாகக் காட்டாது. ஆனால் செல்ஃப் கேட்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஒரு செல்லையும் தாண்டித்தான் வர வேண்டும். தகட்டிலிருந்து உதிர்ந்த பொடி அடியில் தங்கித் தகடுகளுக்கு நடுவே பாலம் போட்டால் செல் தனக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கும். அந்தப் பழுப்பு நிறத்தைப் பார்த்த பிறகு எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

எல்லா அளவுகளையும் தேதி, நேரத்தோடு ஒரு தாளில் எழுதி, மீட்டரையும் ஹைட்ரோமீட்டரையும் எடுத்த படங்களோடு கடைக்குப் போனேன். கார்டில் வண்டி நம்பர் எழுதும் இடம் காலியாக இருந்தது. விற்ற அன்று அவர்களும் எழுதவில்லை, நானும் கவனிக்கவில்லை. பில்லில் இருந்த சீரியல் நம்பரும் பேட்டரி மேல் பொறித்த நம்பரும் ஒன்றாக இருந்ததால் பிழைத்தேன். பில்லைத் தொலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே கலக்கமாக இருக்கிறது.

தம்பி தாளை நிதானமாகப் படித்தார். மறுபடி டெஸ்டரை எடுக்கப் போனவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "சார்ஜ் போட்டு எடுத்த உடனே டெஸ்ட் பண்ணாதீங்க தம்பி. ரெண்டு ராத்திரி சும்மா வச்சிட்டு அப்புறம் பாருங்க. செல் செல்லா பாருங்க." ஒத்துக்கொண்டார். அதுவரைக்கும் ஓட்ட ஒரு மாற்றுப் பேட்டரியும் மாட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "நீங்க சொன்னது சரிதான் சார். மூணாவது செல் நிக்கவே மாட்டேங்குது. கிளெய்ம் போட்டுட்டேன், நாளைக்கு வாங்க."

புதுசு வந்ததும் நின்று பார்த்து வாங்கினேன். அதே ஆம்பியர்-மணி, பாசிட்டிவ் முனை அதே பக்கம், தயாரித்த மாதம் பழையதல்ல. ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள (நின்றால் எஞ்சின் தானே அணைந்து, கிளம்பும்போது தானே ஸ்டார்ட் ஆகும்) வண்டியாக இருந்தால் அதற்கென்று உள்ள வகையே வேண்டும், சாதாரணப் பேட்டரி போடக் கூடாது. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில், கழற்றும்போது நேர்மாறு. கீழே பிடிக்கும் கிளாம்பை இறுக்கினாரா என்று கையால் அசைத்துப் பார்த்தேன். ஆடுகிற பேட்டரியில் தகடு சீக்கிரம் உதிரும்.

ஒன்று நான் முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்: மாற்றிக் கொடுத்த பேட்டரிக்கு வாரண்டி புதிதாகத் தொடங்கவில்லை. பழையது வாங்கிய தேதியிலிருந்தே கணக்கு ஓடுகிறது. இலவச மாற்றுக்கு இனி 5 மாதம்தான். புதுச் சீரியல் நம்பர், மாற்றிய தேதி, வண்டி நம்பர் மூன்றையும் கார்டில் எழுதச் சொல்லி, முத்திரை வைக்கச் சொல்லி, அங்கேயே படம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, பேட்டரியைக் கழற்றியதில் மாறிப்போன கடிகாரத்தைச் சரிசெய்து, ஜன்னல் கண்ணாடியின் தானியங்கி ஏற்றத்தை மறுபடி பழக்கினேன். மறுநாள் விடிகாலையில், யாரும் வண்டியைத் தொடும் முன், 12.67. செல்ஃப் சுற்றும்போது 10.7. அதே தாளின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி, பில்லோடு மடித்து டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.