சுவரை விட்டு இரண்டு அடி தள்ளி

ஓசாகாவில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். கோட்டை, கோயில், மான் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது அவாஜி தீவில் பார்த்த ஒரு காம்பவுண்டு சுவரைப் பற்றி.

கோபேயிலிருந்து அவாஜிக்குப் பஸ் அகாஷி கைக்யோ தொங்குபாலத்தின் மேல் போகிறது. 1995 ஜனவரி 17, விடிகாலை 5.46. நம் ஊரில் அப்போதுதான் பொங்கல் முடிந்திருக்கும். இங்கே பாலம் பாதி கட்டிய நிலையில் பூகம்பம் வந்து நிலம் ஆடியது. கோபுரங்கள் நின்றுவிட்டன, ஆனால் இரண்டுக்கும் நடுவே இருந்த தூரம் ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடிப்போனது. புது அளவுக்குக் கணக்கு போட்டு மிச்சத்தைக் கட்டினார்களாம்!

அன்று 6,434 பேர் இறந்தார்கள். கிழிந்த நிலத்தில் 140 மீட்டரை அவாஜியின் நோஜிமாவில் கூரை போட்டு அப்படியே வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு வீடு. வீடு விழவில்லை. ஆனால் நேராக இருந்த அதன் சுற்றுச்சுவர் நடுவில் அறுபட்டு, ஒரு பாதி தள்ளிப்போய் நிற்கிறது. உள்ளே சமையலறையில் அன்று காலை இருந்தபடியே பாத்திரங்களைக் கொட்டிவைத்திருக்கிறார்கள்.

அதைப் பார்த்ததும் என் அடுக்களை ஞாபகம் வந்தது. நான் அவாஜி போன அதே வருடம், 2018 ஜூன் 18, திங்கட்கிழமை 7.58. அடுப்பில் தோசைக்கல். போன் அலறியதும் தரை குலுங்கியதும் ஒன்றாக நடந்தன. முதலில் வரும் வேகமான சிற்றலையைப் பிடித்து, பின்னால் வரும் பெரிய அலைக்கு முன்னால் எச்சரிப்பதுதான் அந்த ஏற்பாடு. மையம் காலடியிலேயே இருந்தால் அதற்கு ஏது நேரம்?

ஆட்டம் நின்றது. அடுப்பு அணைந்திருந்தது, திரும்பப் பற்றவில்லை. பக்கத்து வீட்டு அம்மா என்னை வெளியே கூட்டிப்போய், கேஸ் மீட்டரில் ஒரு பித்தானை அழுத்தச் சொன்னார். பலமான அதிர்வு வந்தால் மீட்டர் தானே கேஸை நிறுத்திவிடுமாம். மூன்று நிமிடம் சிவப்பு விளக்கு மினுக்கியது. கசிவு இல்லை என்று தெரிந்தபின் அணைந்தது. அவ்வளவுதான். என் தோசை பாதி வெந்து கிடந்தது.

ரயில்கள் நின்றுவிட்டதால், யோதோ ஆற்றுப் பாலத்தில் கோட்டும் சூட்டுமாய் ஜனங்கள் வேலைக்கு நடந்தார்கள். நானும்தான். மேலதிகாரி தாமதத்துக்கு என்னிடம் மன்னிப்பு கேட்டார். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே பட்டது.

மத்தியானம் செய்தி வந்தது. தகாத்சுகியில் பள்ளிக்கு நடந்துபோன ஒன்பது வயதுச் சிறுமி மேல் பள்ளியின் நீச்சல்குளச் சுவர் விழுந்துவிட்டது. சட்டம் அனுமதித்ததைவிட உயரமான சுவர். இத்தனை மீட்டரும் போனும் இருக்கிற நாட்டில்.

நோஜிமாவில் திரும்பும் பஸ்ஸுக்கு அரை மணி இருந்தது. நிழலுக்காக ஒரு மதில் ஓரம் நின்றேன். அப்புறம் வெயிலுக்கே வந்துவிட்டேன்.