ஓய்வுக்குப் பிறகு கோவையா, கோபியா, உடுமலையா?

ரிட்டயர் ஆனதும் "செலவு கம்மியான ஊர் எதுங்க?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வாடகையைத்தான் ஒப்பிடுகிறார்கள். கோவையில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் கொடுக்கிற வாடகைக்குள் கோபியிலோ உடுமலையிலோ வாசலோடு தனி வீடே பார்த்துவிடலாம் என்பது சரிதான். ஆனால் அந்தக் கணக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெம்பு இருக்கிற வரைக்கும்தான். வண்டியை விட்ட பிறகு மருந்துக்கு ஆட்டோ, ஆஸ்பத்திரிக்கு வாடகைக் கார், குடிக்கக் கேன் தண்ணி என்று ஒவ்வொன்றாகச் சேரும். வண்டி ஓட்டாத ஒருவர், அதுவும் துணையை இழந்து தனியாக மிஞ்சியவர், எந்த ஊரில் குறைந்த செலவில் குடித்தனம் நடத்த முடியும்? ஊரை அந்த ஆளை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

வருமானத்திலும் அதே ஆள்தான் அளவு. அரசு ஊழியரின் பழைய ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம். வழக்கமான குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். இன்று 40,000 வருகிறது என்றால் கடைசிச் சம்பளம் 80,000; தனியாக மிஞ்சுகிறவர் கைக்கு அதில் 24,000தான் வரும். ஆள் பாதியானால் சாப்பாட்டுச் செலவு குறையும், வாடகை குறையாது. அதனால் வாடகையை 40,000-க்கு அல்ல, 24,000-க்குப் பொருத்துங்கள். அதில் கால் பங்கு, அதாவது 6,000-ஐ ஒட்டி நிற்பது பத்திரம். பி.எஃப். பென்ஷன் மட்டும் உள்ளவர்களுக்கு இது இன்னும் இறுக்கம்; அங்கே துணைக்கு வருவது பொதுவாகப் பாதிதான்.

கையில் வந்த மொத்தத் தொகையில் உடனே வீடு வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும், மாதக் கணக்கில் 20,500. (வட்டியை அரசு காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கும், நீங்கள் போட்ட நாளில் இருந்த வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது.) சிறு நகரத்து வாடகையை அந்த வட்டியில் கட்டிவிட்டு மீதியும் பார்க்கலாம். வீடு வாங்கினாலோ முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 40 லட்சத்துக்கு 3,60,000 அன்றைக்கே போய்விடும். ஊர் ஒத்துவராமல் விற்றால் அது திரும்பாது.

போக்கியம் இன்னொரு ஆசை. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது நன்றாகத்தான் தெரியும். ஆனால் அந்த வீட்டின்மேல் வங்கிக் கடன் இருந்து, உரிமையாளர் தவணை கட்டாமல் விட்டால், ஏலத்துக்கு வருவது நீங்கள் குடியிருக்கிற வீடு. வீட்டின்மேல் பதிவான கடனைக் காட்டுகிற வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல், போக்கியத்தைப் பதிவு செய்யாமல் பணம் கைமாறக் கூடாது. வாடகை என்றாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். வேறு உடன்பாடு இல்லாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. பத்து மாதம் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேசிக் குறைக்க இந்தச் சட்டம் உதவும்.

இனி தண்ணி. கொங்கு நாட்டில் ஒரு ஊர் மலிவா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். வீடு பார்க்கப் போனால் உரிமையாளரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்: "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க? சித்திரையில?" ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது பொது அளவு. இரண்டு பேருக்குப் பத்து நாளைக்கு 2,700 லிட்டர். பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணி வருகிற தெருவில் சம்ப் 1,000 லிட்டர்தான் என்றால் மீதிக்குப் போர் தண்ணி, அது வற்றினால் லாரி. அடுக்குமாடியில் லாரிச் செலவு மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் ஏறும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

போர் தண்ணியின் உப்பை அளக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. 1,500-ஐத் தாண்டுகிற தண்ணியில் கீஸர் காயில் சுண்ணாம்பு கட்டும், குழாய் அடைக்கும், ஆர்.ஓ. மெஷின் உள்ளே போகிற தண்ணியில் பெரும்பகுதியைக் கழிவாகத் தள்ளும். திருப்பூருக்குக் கீழே, ஒரத்துப்பாளையம் வரைக்கும் நொய்யல் கரையோரக் கிணறுகளைச் சாயக்கழிவு கெடுத்தது ஊரறிந்த கதை. அந்தப் பக்கம் வீடு மலிவாகக் கிடைத்தால் முதல் கேள்வி தண்ணியாகவே இருக்கட்டும்.

அவிநாசி, அன்னூர்ப் பக்கம் மனை விற்கிறவர்கள் "அத்திக்கடவுத் தண்ணி வந்திருச்சுங்க" என்பார்கள். 2024 ஆகஸ்டில் திறந்த திட்டம்தான், மறுப்பில்லை. ஆனால் அது காளிங்கராயன் அணைக்குக் கீழே வருகிற பவானியின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளில் நிரப்பி நிலத்தடி நீரை ஏற்றுவதற்கான ஏற்பாடு. வீட்டுக் குழாய்க்கு அல்ல. உபரி இல்லாத வருடம் அதுவும் இல்லை.

கோபி இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த ஊர். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் ஓடுகிற பூமி, கிணறு ஊறும். கொசுவும் அதே அளவுக்கு உண்டு. குறை என்னவென்றால் ரயில் கிடையாது. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால் ஈரோட்டுக்கு ஒரு மணி நேரம் பஸ். தாராபுரம், காங்கேயம், சத்தியமங்கலத்துக்கும் ரயில் இல்லை. பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் உண்டு, ஆனால் அங்கே ஆடிக்காத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியில் தொடங்குகிற காற்று ஆவணி தாண்டியும் அடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களில் நாலு நாள் தங்கிப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். கரூர், ஈரோடு வீட்டு வாடகைக்கு மோசமில்லை; கோடையில் ராத்திரியும் ஆறாது, ஏ.சி. ஓடும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும் 500-ஐத் தாண்டினால் அதற்கு அடுத்த படியின் சலுகை விலை போய்விடும். ஒரே வளாகத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் சப்-மீட்டர் வைத்து உரிமையாளரே யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் இலவசமும் உங்களுக்கு வராது. திருப்பூர், அவிநாசி வட்டாரத்தில் இன்னொரு சிக்கல்: பனியன் கம்பெனிச் சம்பளத்தை விட்டு வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் குறைவு.

ஆஸ்பத்திரியைத் தூரத்தில் அளக்காதீர்கள், நேரத்தில் அளங்கள். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன்னால் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்கேன் எடுக்க ஆள் இருக்குமா?" என்பது. திருப்பூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிகள் 2022-இல் திறந்தன. பெருந்துறையில் முன்பிருந்தே உண்டு. சுகர், பிரஷர் மாத்திரைக்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் கொடுத்துவிட்டால் வீட்டுக்கே வரும்.

மருதமலை, தடாகம், தொண்டாமுத்தூர் அடிவாரத்து மனைகள் கண்ணுக்குக் குளிர்ச்சி. யானை இறங்கும், அந்திக்கு மேல் நடைப்பயிற்சி இல்லை, ஆட்டோவும் வர யோசிக்கும். பல கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருவதால் அந்த அனுமதி இல்லாத மனை பிற்பாடு தலைவலி. கோவையின் மேற்கில் முதியோர் குடியிருப்புகளும் நிறைய. அவற்றில் மூன்றைக் கேளுங்கள்: பராமரிப்புக் கட்டணம் வருடத்துக்கு எவ்வளவு ஏறும், படுக்கையில் விழுந்தால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, திரும்ப விற்றால் யாருக்கு மட்டும் விற்கலாம். வயது வரம்பு வைத்த வீட்டுக்கு வாங்குகிற ஆள் குறைவு.

வீடு தரைத்தளமாக இருக்கட்டும். பாத்ரூம் கதவைக் கட்டாயம் டேப் வைத்து அளங்கள். இரண்டரை அடி என்று சொல்வது நிலைச்சட்டத்தையும் சேர்த்து. உள்ளளவு 25 அங்குலத்தைத் தொட்டால் அதிகம். பல சக்கர நாற்காலிகளின் அகலமே அவ்வளவு வரும். டவுன் பஸ் நிறுத்தம் நடை தூரத்தில் இருந்தால் பெண்களுக்கு அரசின் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பயணம் இலவசம். புறநகர் பஸ் மட்டும் நிற்கிற ஊரில் அந்தச் சலுகை கிடையாது.

குடி போவதாக இருந்தால் தையில் போங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் முடிவதற்குள் சித்திரை வறட்சி, ஆடிக்காத்து, ஐப்பசி மழை மூன்றையும் அந்த வீட்டிலேயே பார்த்துவிடலாம். அதுவரை பழைய வீட்டை விற்க வேண்டாம், வாடகைக்கு விட்டுவையுங்கள். பென்ஷன் வருகிற வங்கிக் கணக்கையும் மாற்ற வேண்டியதில்லை.