ஒரே பெயர், வேறு எண்: திறக்க மறுத்த கோப்புறை

சென்ற மாதம் எங்கள் பழைய மடிக்கணினியின் மதர்போர்டு பழுதானதால், அதிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி உறையில் பொருத்திப் புதிய கணினியில் இணைத்தேன். டிரைவ் உடனே திறந்தது. ஆனால், அப்பா எடுத்த புகைப்படங்கள் இருந்த கோப்புறையைச் சொடுக்கியதும், அதைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை என்று விண்டோஸ் சொன்னது. இரண்டு கணினிகளிலும் என் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றே என்பதால் முதலில் திகைத்துப்போனேன்.

கோப்புறையின் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘எஸ்-1-5-21’ என்று தொடங்கி 1001 என்று முடியும் நீண்ட எண் இருந்தது. என்டிஎஃப்எஸ் எனப்படும், விண்டோஸ் கோப்புகளைச் சேமித்து வைக்கும் முறையில் அமைந்த டிரைவ், கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அன்றி, எஸ்ஐடி எனப்படும் இந்த அடையாள எண்ணால்தான் குறித்து வைக்கிறது. அந்த எண் ஒவ்வொரு விண்டோஸ் நிறுவலுக்கும் தனித்தனியாக உருவாவதால், புதிய கணினியில் இருக்கும் ‘நான்’ பழைய டிஸ்க்கைப் பொறுத்தவரை முன்பின் அறியாதவன்.

கணினியை நிர்வகிக்கும் உரிமை உள்ள கணக்குகள் அடங்கிய நிர்வாகிகள் குழுவின் எண் மட்டும் எல்லாக் கணினிகளிலும் ஒன்றே. அனுமதி இல்லை என்ற அந்தச் செய்தியில் வரும் ‘கன்டினியூ’ பொத்தான் பெரும்பாலும் வேலை செய்வது அதனால்தான். ஆனால், அதை அழுத்தினால் நம் கணக்கு அந்தக் கோப்புறையின் அனுமதிப் பட்டியலில் நிரந்தரமாக எழுதப்பட்டுவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எனக்குப் பாதிக் கோப்புறைகள் அப்படியே திறந்தன. மற்றவை மேல் கோப்புறையின் அனுமதியை ஏற்காதபடி அமைக்கப்பட்டிருந்ததால், அட்வான்ஸ்டு பகுதிக்குச் சென்று உரிமையாளராக என் கணக்கைக் குறித்து, உள்ளே இருக்கும் அனைத்துக்கும் அது பொருந்துமாறு தேர்வுக்குறி இட்டு, சாளரத்தை மூடித் திறந்த பிறகு முழு அனுமதியும் கொடுத்தேன். கட்டளைச் சாளரத்தில் ‘டேக்ஓன்’, ‘ஐகேக்ல்ஸ்’ ஆகிய இரண்டு கட்டளைகளும் இதே வேலையைச் செய்யும். நமக்கு வேண்டிய கோப்புறையில் மட்டும் இதைச் செய்யுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். விண்டோஸ் இயங்கும் சி டிரைவ் முழுவதற்கும் உரிமையாளரை மாற்றியவர்கள் கடைசியில் விண்டோஸையே மறுபடி நிறுவ நேர்ந்ததைக் கண்டிருக்கிறேன். மேலும், கோப்பு, விண்டோஸின் இஎஃப்எஸ் என்ற முறையில் குறியாக்கம் செய்யப்பட்டு (பிறர் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டு) இருந்தால் உரிமையாளரை மாற்றிப் பயனில்லை. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவியான பழைய கணக்கின் சான்றிதழ் கையில் இருந்தாக வேண்டும்.

அடுத்து, படங்களை ஒழுங்குபடுத்தும்போது வேறொரு சிக்கல் வந்தது. புதிய கணினிக்கு நகலெடுத்தவை சேருமிடத்தின் அனுமதியைப் பெற்றுக்கொண்டன. ஆனால், நான் எனக்கு மட்டும் எனத் தனி அனுமதி அமைத்திருந்த ஒரு கோப்புறையை, அதே டிரைவில் இருந்த குடும்பப் பொதுக் கோப்புறைக்குள் நகர்த்தியபோது, அந்தத் தனி அனுமதியும் கூடவே வந்துவிட்டது. அதனால் என் தங்கை தன் கணக்கிலிருந்து அதைத் திறக்க முடியவில்லை. ‘ஐகேக்ல்ஸ்’ கட்டளையுடன் ‘ரீசெட்’ சேர்த்து இயக்கிய பின்னரே அது பொதுக் கோப்புறையின் அனுமதிக்குள் வந்தது.

சில படங்கள் அனுமதி சரியாக இருந்தும் நகலாகவில்லை. கோப்புறைக்குள் கோப்புறையாக ஒன்பது அடுக்குகள். ஒவ்வொன்றுக்கும் நீண்ட தமிழ்ப் பெயர். விண்டோஸில் பாதையின், அதாவது டிரைவ் முதல் கோப்பின் பெயர் வரையிலான முழு முகவரியின், வழக்கமான வரம்பு 260 எழுத்துக்குறிகள். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அதில் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ‘திருவண்ணாமலை’ நமக்கு 7 எழுத்து, கணினிக்கு 12. ஊர்ப் பெயர்களைக் கடைசி அடுக்கில் மட்டும் வைத்து, மேலே ஆண்டை எண்ணால் குறித்து, ஒன்பது அடுக்குகளை மூன்றாகக் குறைத்தேன். நேற்று மாலை தங்கை தன் கணக்கில் நுழைந்து, 2009 என்ற கோப்புறையைத் திறந்து, கிரிவலப் பாதையில் அப்பா எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.