பாட்டு வந்த வழி

ஒருவருடைய இசை ரசனையை அறிய விரும்பினால், அவருக்குப் பிடித்த பாடகர் யார், இசையமைப்பாளர் யார் என்று கேட்பது வழக்கம். அந்தக் கேள்வி எனக்கு எப்போதும் போதாமலே இருந்திருக்கிறது. ஒரே பாடகியை உயிராக நேசிக்கும் இருவர், ஒரே பாட்டில் வேறு வேறு இடங்களில் சொக்கிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருவர் சரணத்தின் கடைசி வரிக்கு முன்னால் பாடகி எடுக்கும் மூச்சுக்காகக் காத்திருப்பார். மற்றவருக்கோ இடையிசையில் வயலின்கள் எழும்பும்போதுதான் பாட்டே தொடங்கும். அந்தப் பாட்டு முதன்முதலில் எந்தக் கருவி வழியாக, எந்த இரைச்சலுக்கு நடுவே அவர்களிடம் வந்து சேர்ந்தது என்பதில்தான் இந்த வேறுபாட்டுக்கான காரணம் பெரும்பாலும் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் வளர்ந்தது சேலம் அம்மாபேட்டையில், தறி ஓடும் வீட்டில். முன்கட்டில் குழித்தறி; அதற்கு மேலே சுவரில் அடித்த பலகையில் ஒரு டிரான்சிஸ்டர். பள்ளி விட்டு வந்ததும் ராட்டையின் முன் உட்கார்ந்து, ஊடை எனும் குறுக்கு நூலைத் தாராகச் சுற்றுவது என் வேலை என்பதால், அந்த வானொலியில் என்ன வந்ததோ அதையெல்லாம் கேட்டேன். நிலையத்தை மாற்றும் உரிமை அப்பாவுக்கு மட்டுமே உண்டு. தறியை விட்டு எழுந்தால் வேலை கெடும் என்பதால் அவரும் அதை எளிதில் மாற்றமாட்டார். ஊடை நூலைச் சுமக்கும் நாடா தறியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்வதும், உடனே தறியின் பலகை வந்து ஊடையை அடித்து இறுக்குவதும் நாள் முழுவதும் ஒரே சீராக நடக்கும். அந்த அடிச்சத்தத்தில் தபேலாவின் இடதுகை ஒலி அமிழ்ந்துபோகும். உள்ளங்கையளவு ஸ்பீக்கருக்குத் தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் வலிமையும் கிடையாது. மிஞ்சி வந்தது குரல் மட்டுமே. 1961இல் வந்த பாக்கியலட்சுமி படத்தின் ‘மாலைப் பொழுதின் மயக்கத்திலே’ பாட்டை நான் அப்படித்தான் அறிந்தேன். பி. சுசீலா அதில் ஒரு சொல்லை விட்டு அடுத்த சொல்லுக்குப் போகும் வழியில் கொடுக்கும் சின்னச் சின்ன அசைவுகள் எனக்கு மனப்பாடம். அந்தப் பாட்டில் எந்த வாத்தியங்கள் இருக்கின்றன என்று அன்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். அது சந்திரகௌன்ஸ் ராகம் என்பதெல்லாம் மிகவும் பிற்பாடு தெரிந்துகொண்டது.

கல்லூரி நாட்களில், துபாயிலிருந்து வந்த மாமா ஒரு வாக்மேன் கொண்டுவந்தார். அதில் நான் போட்டுக் கேட்ட முதல் பாட்டு ‘என் இனிய பொன் நிலாவே’. இளையராஜாவின் 100ஆவது படமான மூடுபனிக்காக 1980இல் வந்த பாட்டு, ஜேசுதாஸ் பாடியது. தொடக்கத்தில் வரும் கிதாரை, அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்று தெரிவதற்கு வெகுகாலம் முன்பே, வாயால் முழுதாகப் பாடிக் காட்டுவேன். இந்தப் பாட்டில் இனி எனக்குப் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணத்தில்தான் ஹெட்போனை மாட்டினேன். குரலுக்குக் கீழே இன்னொருவர் நடந்துகொண்டிருந்தார். ஜேசுதாஸ் ஒரு சொல்லில் நிற்கும்போது அவர் நிற்பதில்லை. குரல் மேலே ஏறினால் அவர் கீழே இறங்குகிறார். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் இரண்டு மூன்று சுரங்களைத் தொட்டுவிட்டு மறுபடி தன் வழியே போகிறார். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதார் அது. அதன் மிகத் தடித்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறைதான் அதிரும். எங்கள் வீட்டு டிரான்சிஸ்டர் அதைத் தந்திருக்க வழியே இல்லை. இத்தனை ஆண்டுகள் நான் கேட்டது பாட்டின் மேல்பாதியை மட்டும்தான் என்று புரிந்தபோது பெரும் மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் எனக்குத் தெரிந்த பாட்டுகள் அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து கேட்கலாம். அப்படியே கேட்கவும் செய்தேன். ஆனாலும் இன்றுவரை என் காது முதலில் தேடுவது குரலைத்தான். பேஸ் கிதாரை நான் முயன்றுதான் கேட்கிறேன்.

வாய்க்கிற ஞாயிறுகளில் நண்பர்கள் சிலர் ஏற்காட்டில் ஒரு நண்பர் வீட்டில் கூடுகிறோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப்போய் நாங்கள் செய்வது பாட்டுக் கேட்பது ஒன்றுதான். பகோடா பாயின்ட் பக்கம்கூட எட்டிப்பார்ப்பதில்லை. ஆளுக்கொரு பாட்டு. அதை முதலில் எங்கே கேட்டோம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். இந்த ஒரு விதியால் எங்களுக்குள் நடந்த பேச்சுகள், யார் பெரிய இசையமைப்பாளர் என்ற பழைய சண்டைகளைக் காட்டிலும் எவ்வளவோ மேலானவை.

அந்த வீட்டுக்காரரின் தந்தை காபித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மாலையில் சிற்றலையில் இலங்கை வானொலியைப் பிடிப்பது அவர்கள் வீட்டு வழக்கம். சிற்றலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, பல வழிகளில் வந்து சேர்வதால், அவை ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் ஒலியை ஏற்றி இறக்கும். பல்லவி தெளிவாக வரும்; அனுபல்லவி எங்கோ போய்விடும்; சரணத்தில் மறுபடி கிட்டே வரும். எனவே நண்பருக்குப் பாட்டைவிட அறிவிப்பாளர்கள் நெருக்கம். கே. எஸ். ராஜாவின் வேகத்தையும் பி. எச். அப்துல் ஹமீதின் சொல் சுத்தத்தையும் அவர் அப்படியே செய்து காட்டுவார். பாட்டு பாதி காணாமல் போனாலும், படம், இசை, கவிஞர், பாடியவர் என்று அவர்கள் சொன்ன பெயர்கள் நின்றன; இன்றும் எந்தப் பாட்டைப் போட்டாலும் எழுதியவர் யார் என்பதையே அவர் முதலில் கேட்கிறார். பண்பலை வந்த பிறகு கொடைக்கானல் நிலையம் 100.5இல் தெளிவாகக் கிடைத்தது. பண்பலை நேர்க்கோட்டில் பாய்வது. மலைக்கும் மலைக்கும் நடுவே அதற்குத் தடையில்லை. அந்தத் தெளிவு அவருக்கு இன்னும் பழகவில்லை என்கிறார். நான் அவரை நம்புகிறேன்.

இன்னொரு நண்பர் செவ்வாய்ப்பேட்டைக்காரர். அவர்களுடையது வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அங்கே டேப்ரிக்கார்டர் ஓயாது. கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய 60 நிமிட கேசட்டுகள். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம்; நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் மூன்று நிமிடம் மீதி. அதை வெறுமையாக விட மனமில்லாமல் கடைக்காரர் ஏழாவது பாட்டு ஒன்றைத் தொடங்கிவைப்பார். நாடா தீர்ந்த இடத்தில் அது அறுந்து நிற்கும். கருத்தம்மாவில் ஸ்வர்ணலதா பாடி 1994ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்ற ‘போறாளே பொன்னுத்தாயி’ அவருக்கு அப்படி வந்த பாட்டு. முதல் சரணத்தின் நடுவிலேயே நின்றுவிடும். அந்த அழுகை முடியாமலே நின்றது என்பதுதான் அவருக்கு அந்தப் பாட்டு. முழுப் பாட்டையும் பின்னாளில் கேட்டபோது, மீதிச் சரணம் வேறு யாருடைய பாட்டோ போல் இருந்தது என்று அவர் சொன்னதைக் கேட்டு நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. இன்னும் ஒன்று: ஒரு பாட்டு முடிந்ததும் அந்த கேசட்டில் அடுத்து இருந்த பாட்டின் முதல் சுரம் அவருக்குள் தானாக எழுந்துவிடுகிறது. கேசட்டில் கேட்டு வளர்ந்த எவரும் இதை உடனே புரிந்துகொள்வார்கள்.

எங்களில் மூத்தவர் கன்னங்குறிச்சி ஐயா ஒருவர். அவர் பெரும்பாலும் போடச் சொல்வது ‘வாராய் நீ வாராய்’. 1950இல் வந்த மந்திரிகுமாரி, நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவு ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கிறது. மலைக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போகிறோம். ஜி. ராமநாதன் இசை; திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியிருக்கிறார்கள். நான் அதைத் தறியடியில் கேட்டவன். எனக்கு அது காதலன் காதலியை நிலவொளியில் அழைத்துப் போகும் பாட்டு. ஐயா அதைச் சிறுவயதில் டூரிங் கொட்டகையில், படத்தோடு கேட்டவர். கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப் போவது தள்ளிக் கொல்வதற்காக. கடைசியில் அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். எனவே லோகநாதன் குரல் எவ்வளவு குழைகிறதோ அவ்வளவு ஐயாவுக்குப் பதறுகிறது.

படத்தை நானும் பிறகு பார்த்துவிட்டேன். இருந்தும் பாட்டு மட்டும் ஒலிக்கும்போது எனக்குப் பயம் வருவதில்லை. ஜிக்கியின் குரலில் இருக்கும் நம்பிக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. “தம்பி, அந்தக் குரல் நம்புகிறது என்பதுதானே எனக்கு அடிவயிற்றைக் கலக்குகிறது!” என்றார் ஐயா. சென்ற முறை இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் மற்றவர்களின் பாட்டுக்கு நேரமில்லாமல் போயிற்று. அடுத்த ஞாயிறு, படம் பார்க்காத என் மருமகனை அழைத்துப்போய், எதையும் சொல்லாமல் அவன் காதில் அந்தப் பாட்டைப் போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.