ஃபண்டெல்வர் நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை புது கேம் தொடங்குகிறோம். தம்பி, அவன் மனைவி, அலுவலக நண்பர்கள் இரண்டு பேர். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நால்வருக்கும் புதிது. அச்சில் வந்த அட்வென்ச்சர், அதாவது ஆயத்தக் கதை ஒன்றையே நடத்தலாம் என்று ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்’ எடுத்திருக்கிறேன். 2014-இல் ஸ்டார்ட்டர் செட்டோடு வந்த 64 பக்கப் புத்தகம்.

முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படித்தேன். முதல் குகையில் சிறைப்பட்டிருக்கும் சில்டார், காணாமல் போன இயார்னோ என்பவரைத் தேடி வந்தவர். அந்த இயார்னோதான் ஃபண்டாலின் ஊரை மிரட்டும் ரெட்பிராண்ட் கும்பலின் தலைவன். அது அடுத்த பகுதியில்தான் வெளிவருகிறது. சில்டார் வாய் திறந்து அந்தப் பெயரைச் சொல்லும்போதே ஆட்டத்தை நடத்தும் டிஎம்முக்கு (டன்ஜன் மாஸ்டர்) இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாசிப்பு நோட்டோடு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரே வரி: இவனுக்கு என்ன வேண்டும்? குகைத் தலைவன் கிளார்க்குக்குக் கொள்ளையும் அதிகாரமும் வேண்டும். அவனுக்குக் கீழே இருக்கும் கோப்ளின் (குட்டி அரக்க இனம்) யீமிக்குக்கு கிளார்க்கின் இடம் வேண்டும். அறைகளின் விவரம் புத்தகத்திலேயே இருக்கிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஆசைகள்தான் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

நல்ல தொடக்கம். சாலையில் செத்துக் கிடக்கும் இரண்டு குதிரைகள், உடம்பில் கறுப்பு இறகு வைத்த அம்புகள். தம்பி மனைவி உடனே, “அம்பு எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கு?” என்று கேட்டாள். அதற்குள் புதரிலிருந்து நான்கு கோப்ளின்கள்.

பாத்திரங்கள் தொடங்கும் முதல் லெவலில் இது கடுமையான சண்டை. ஒரு கோப்ளின் அம்பு பட்டால் சாதாரணமாக 8 உயிர்ப்புள்ளி வரை போகும், ஒரு மந்திரவாதியைச் சாய்க்க அது போதும். ஆனால் புத்தகம் இதை யோசித்து வைத்திருக்கிறது. ஆட்டக்காரர் குழு முழுக்கத் தோற்றால் கோப்ளின்கள் மயங்கியவர்களை அப்படியே விட்டுவிட்டு, அவர்கள் ஓட்டி வந்த சரக்கு வண்டியைக் கொள்ளையடித்துப் போகும். தோற்றாலும் கதை நகர்கிறது. இந்தப் பத்தி இருந்ததால் பகடையை எல்லோர் கண்முன்னாலும் தைரியமாக உருட்டினேன்.

ஜூன் 9, திங்கள்

புத்தகத்தில் கட்டம் கட்டி அச்சிட்டிருக்கும் வர்ணனையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டக்காரர்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லும் பகுதி அது. நான் வாசிப்பதில்லை. அதிலிருந்து கண்ணில் படும் இரண்டு பொருள்களை எடுத்துக்கொண்டு, நம் பேச்சில் சொல்கிறேன். நேற்று எடுத்தது குதிரையும் இறகும். மூன்றாவது வாக்கியம் தாண்டினால் மேசையில் கவனம் கலைந்துவிடும்.

ஜூன் 15, ஞாயிறு

நான் காத்திருந்த குகை. புத்தகத்தின் ஏற்பாடு இது: யீமிக் சில்டாரைப் பாறை விளிம்புக்கு இழுத்து வந்து, “கிளார்க்கைக் கொன்று தலையைக் கொண்டு வா, இவனை விடுகிறேன்” என்று பேரம் பேசுவான். வேலை முடிந்ததும் வாக்கு மாறிப் பணம் கேட்பான்.

நம்மவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. நுழைவாயில் அருகே சங்கிலியில் கட்டியிருந்த ஓநாய்களுக்கு உணவைப் போட்டு அடக்கிவிட்டு, அங்கே இருக்கும் பாறை இடுக்கு வழியாக ஏறி, நேராக கிளார்க்கின் அறையில் போய் நின்றார்கள். சண்டை முடிந்தது. கிளார்க் காலி. யீமிக்கை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை.

இங்கேதான் அந்த ஒரு வரி கைகொடுத்தது. யீமிக் ஆசைப்பட்டது கேட்காமலேயே கிடைத்துவிட்டது. அவன் என்ன செய்வான்? இருட்டிலிருந்து குரல் கொடுக்க வைத்தேன்: “கெழவன் போய்ட்டானா? ரொம்ப நன்றி. இங்க ஒரு மனுசன் இருக்கான். என்ன விலை தர்றீங்க?”

அரை மணி நேரம் பேரம். அறையில் நீல சிங்கக் குறி போட்ட சரக்குப் பெட்டிகள் இருந்தன. அதைக் கொடுத்துவிடலாம் என்றான் தம்பி. “அது யாரோ வியாபாரியோட சரக்கு, கொடுக்கக் கூடாது” என்று அவன் மனைவி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். கடைசியில் கிளார்க்கின் காசைக் கொடுத்து சில்டாரை மீட்டார்கள். புத்தகத்தில் இருந்த வரிசை முழுக்க மாறிப்போனது, அதிலிருந்த ஆட்கள் மாறவில்லை.

ஜூன் 18, புதன்

நண்பர் ஒருவர் கேட்டார், அச்சுப் புத்தகத்தை வைத்து நடத்தினால் டிஎம்முக்கு என்ன வேலை என்று. 1979-இல் மைக் கார் எழுதிய ‘இன் சர்ச் ஆஃப் தி அன்நோன்’ புத்தகத்தைக் காட்டினேன். அறைகளை விவரித்துவிட்டு, அங்கே எந்த அரக்கன், என்ன புதையல் என்பதற்குக் காலி இடம் விட்டிருப்பார். தனியாக ஒரு பட்டியல் தந்து, புது டிஎம்மே நிரப்பிப் பழகட்டும் என்று விட்ட இடம். டிஎம்முக்கு வேலை வைத்தே எழுதிய புத்தகம்.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்பு வைத்திருந்த கோப்ளின், நம்மவர்கள் வருவதற்கு முன்பே அந்தப் புதரில் இருந்தான். அவர்களை மடக்க நான் அந்த நிமிடம் உருவாக்கியவன் இல்லை. அதனால் ஜெயித்தது அவர்களுடைய ஜெயம்தான், நான் விட்டுக்கொடுத்தது கிடையாது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதே காரணத்தால்தான் தண்டர்ட்ரீ என்ற இடிந்த ஊரில் இருக்கும் பச்சை டிராகன் வெனம்ஃபாங்கின் பலத்தைக் குறைக்கப் போவதில்லை. 136 புள்ளி உயிர். ஒரு மூச்சு விட்டால் பன்னிரண்டு பகடை விஷம், சராசரி 42. மூன்றாம் லெவல் ஆளுக்கு அது தாங்காது. ஆனால் பாதி உயிர் போனால் அது பறந்து தப்பிவிடும் என்று புத்தகம் சொல்கிறது. அதற்கும் உயிர் வேண்டுமே! அங்கே போகும்முன் ஃபண்டாலின் சத்திரத்தில் ஒருவரும், அந்த இடிந்த ஊரிலேயே வாழும் ரெய்டோத் என்ற ட்ரூயிடும் (இயற்கை மந்திரம் தெரிந்தவர்) எச்சரிப்பார்கள். அதற்கு மேல் முடிவு ஆட்டக்காரர்கள் கையில். ஞாயிறுக்குள் சத்திரத்துப் பேச்சை எழுதிவிட வேண்டும்.