டி-பேடில் காப்டன் ஒட்டிப் பார்த்தேன்: பேக்-மேன் பாஸ், ரியூ பாதி பாஸ்

பேக்-மேன் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறான். வலது என்றால் வலது. நான் கேட்காமலே சந்தில் மேலே திரும்பி, நேராகப் பேயிடம் போய் மாட்டுவதில்லை. என் கையடக்க கேம் கருவியின் டி-பேடுக்கு, அதாவது திசைப் பொத்தானுக்கு, அடியில் காப்டன் என்ற சூடு தாங்கும் மெல்லிய டேப்பை ஒட்டி இந்த நிலைக்கு வருவதற்குள் பல ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. அந்த நாட்களில் சாப்பாட்டு மேசை எனக்கு, தரை மற்றவர்களுக்கு.

கருவியின் பெயர் வேண்டாம். 3.5 அங்குலத் திரை, படுக்கை வடிவம், மியூஓஎஸ் என்ற மாற்று இயங்குதளம் போட்டிருக்கிறேன், அது போதும். இதே நோய் வேறு பல கம்பெனிக் கருவிகளிலும் உண்டு. ஃபர்ம்வேர் ஏற்றுவது, பயாஸ் ஃபைலை எங்கே வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

நோய் இதுதான்: வலது பக்கம் அழுத்தினால் கூடவே மேலேயும் பதிவாகிறது. டெட்ரிஸில் கட்டையை ஓரத்துக்குத் தள்ளும்போது கட்டைவிரல் கொஞ்சம் கீழே சரிந்தாலும் கட்டை விறுவிறுவென்று இறங்குகிறது. புது டெட்ரிஸ் வகைகளில் இன்னும் மோசம். அங்கே மேல் பொத்தான் என்றால் கட்டை ஒரேயடியாகக் கீழே போய் ஒட்டிக்கொள்ளும். மியூ மினி பிளஸ் என்ற வேறொரு கருவி வைத்திருக்கும் நண்பன் இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறான். அவன் டி-பேட் அப்படி. கொடுத்து வைத்தவன்.

இந்தச் சிலுவை வடிவ டி-பேடை நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982இல் கேம் அண்ட் வாட்ச் டாங்கி காங் கருவிக்காக வடிவமைத்தார். அதில் முக்கியம் சிலுவையின் வடிவம் அல்ல, அடியில் நடுவில் இருக்கும் குமிழ். ஒரு பக்கம் தாழ்ந்தால் எதிர்ப்பக்கம் தூக்க வேண்டும், பக்கத்துக் கைகள் சும்மா இருக்க வேண்டும். அந்தக் குமிழ் கொஞ்சம் குட்டையாகிவிட்டால் சிலுவை சாய்வதற்குப் பதிலாக மொத்தமாக அமுங்குகிறது. அப்போது பக்கத்து ரப்பர் கிண்ணத்தின் அடியில் உள்ள கார்பன் பொட்டும் போர்டைத் தொட்டுவிடுகிறது. என் கருவியில் நடப்பது இதுதான்.

மென்பொருளில் மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். பழைய ஆர்கேட் ஆட்டங்களை ஓட்டும் மேம் 2003-பிளஸ் கோரில் (எமுலேட்டரில்) நான்கு திசை ஜாய்ஸ்டிக் போல நடந்துகொள்ளச் செய்யும் ஆப்ஷன் இருக்கிறது. ஒரிஜினல் பேக்-மேன் மெஷினில் இருந்ததும் நான்கு திசை ஸ்டிக்தான், ஆகவே அதற்கு அது சரி. கேம்பாய் ஆட்டங்களுக்கு அது உதவாது. சோதனை செய்யும்போது அதை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் டேப் வேலை செய்கிறதா, கோர் வேலை செய்கிறதா என்றே தெரியாது.

சரி, டேப்புக்கு வருவோம். பின்மூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, திரையின் ரிப்பனை இழுக்காமல் போர்டைத் தூக்க வேண்டும். டி-பேட் கான்டாக்ட்டுகள் போர்டின் முன்பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு கான்டாக்ட்டும் இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்து, ஆனால் ஒன்றையொன்று தொடாமல் வைத்தது போல இருக்கும். கார்பன் பொட்டு வந்து இரண்டையும் இணைத்தால் பொத்தான் அழுந்தியதாகக் கணக்கு.

எல்லோரும் சொல்லும் வழி, கான்டாக்ட்டின் மேல் கொஞ்சம் டேப் ஒட்டுவது. எவ்வளவு ஒட்டுவது என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் அளவைவிட எந்த ஓரத்தில் ஒட்டுகிறோம் என்பதுதான் விஷயம். வலது கையை அழுத்தும்போது 'மேல்' பொட்டு நேராக இறங்குவதில்லை. வலப்பக்கம் சாய்ந்து, தன் வலது ஓரத்தால்தான் முதலில் தொடுகிறது. இடதை அழுத்தினால் இடது ஓரத்தால். ஆகவே 'மேல்' கான்டாக்ட்டில் மறைக்க வேண்டியது இடது, வலது ஓரங்களை. நடுவில் ஒரு பட்டை திறந்திருக்க வேண்டும். உண்மையாகவே மேலே அழுத்தினால் பொட்டு தட்டையாக உட்கார்ந்து அந்த நடுப்பட்டையைத் தொடும். 'வலது' கான்டாக்ட்டுக்கு இதே கணக்கு, ஆனால் மேல், கீழ் ஓரங்கள்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சீப்பின் பற்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்க்காமல் டேப் ஒட்டக் கூடாது. பற்களுக்கு இணையாக இரு ஓரமும் மறைத்தால், திறந்த பட்டையில் ஒரே ஒரு சீப்பின் பல் மட்டும் எஞ்சக்கூடும். அப்படி ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் பொத்தான் செத்ததுதான். பூதக்கண்ணாடியோ போன் கேமராவோ வைத்து, திறந்த இடத்தில் இரண்டு சீப்பும் தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். என் போர்டில் ஓரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அகலம் சரியாக இருக்கிறது.

கருப்பு இன்சுலேஷன் டேப்பைத் தொடவே வேண்டாம். சாதாரணமாக அது 0.13 மி.மீ. அல்லது அதற்கும் தடிமன். பொட்டு டேப்பின் விளிம்பில் மேடு ஏறி நின்றுவிடும், நடுவில் படாது. அதோடு மும்பை வெயிலிலும் மழைக்காலப் புழுக்கத்திலும் அதன் பசை கசியும். காப்டனில் படலம் மட்டும் 25 மைக்ரான், பசையோடு சேர்த்தாலும் 60க்குப் பக்கத்தில்தான். சூட்டுக்கும் அசையாது.

காப்டன் டேப்பைக் கொஞ்சமாக வாங்கலாம் என்று தாராவி 90 அடி சாலையில் எனக்குத் தெரிந்த மொபைல் ரிப்பேர் அண்ணாச்சியிடம் போனேன்.

"எதுக்குத் தம்பி?"

"கேம் விளையாடற மெஷினுக்கு அண்ணாச்சி."

"உனக்கா, பையனுக்கா?"

எனக்கு என்று சொன்னதும் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் ஒரு முழம் கிழித்து ஒட்டுத்தாளில் சுற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ரோலாக வேண்டும் என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோடு. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கினால் நடக்கிற தூரம். நான் பிறகு அங்கே போய் 5 மி.மீ. அகலத்தில் ஒரு ரோல் வாங்கிவிட்டேன். 33 மீட்டர் இருக்கிறது, நானும் என் வாரிசுகளும் டி-பேட் ஒட்டலாம். வெட்டுவதற்குப் புது பிளேடு, கண்ணாடித் துண்டு, நுனி வளைந்த ட்வீசர். விரலால் ஒட்ட முயன்றால் டேப் விரலோடு வந்துவிடும்.

லேமிங்டன் ரோடு என்றதும் ஞாபகம் வருகிறது, மெமரி கார்டு. கருவியோடு வரும் பெயரில்லாத கார்டை நம்ப வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். புதிதாக வாங்கும் கார்டையும் நம்ப வேண்டாம். ஒரு கடையில் 128 ஜிபி என்று அச்சிட்ட கார்டை வாங்கி வந்து, நிஜக் கொள்ளளவைச் சோதிக்கும் எஃப்3 மென்பொருளை ஓட்டினால், அதில் கால்வாசி கூட நிஜமில்லை. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார், அதுவும் என் லேப்டாப் திரையை அவர் முகத்துக்கு நேராகக் காட்டிய பிறகு. விண்டோஸ்காரர்கள் அதே வேலைக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டுங்கள். முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்துப் பார்க்கும்வரை ஒரு ஆட்டம்கூட ஏற்றாதீர்கள்.

உதிரி பாகம் கிடைப்பதுதான் நம் ஊரில் பெரும்பாடு. 2020 நவம்பரில் அரசு தடை செய்த 43 ஆப்புகளில் சீன ஆன்லைன் கடையான அலிஎக்ஸ்பிரஸும் போனது. மற்ற நாட்டுக்காரர்கள் சில்லறைக் காசுக்கு வாங்கும் ரப்பர் மெம்பரேனுக்கு நாம் துபாயிலிருந்து வரும் மச்சானின் பெட்டியில் இடம் கேட்க வேண்டியிருக்கிறது. என் மச்சான் தீபாவளிக்கு வருகிறார். பட்டியல் அனுப்பியாகிவிட்டது.

இப்போது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சண்டை ஆட்டத்தின் வீரன் ரியூ. பேக்-மேன் மூலை (இரண்டு திசை ஒருசேர) வேண்டாம் என்பவன், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மூலை இல்லாமல் நடக்காது. கீழ், கீழ்-வலது, வலது, பஞ்ச். நடு மூலை விழாவிட்டால் ஹடோகன் (ரியூ எறியும் சக்திப் பந்து) வராது, வெறும் குத்துதான். இந்த இரண்டு ஆட்டங்களையும் மாற்றி மாற்றி ஓட்டினால்தான் டேப்பின் அகலம் சரியா என்று தெரியும். ஒன்றில் மட்டும் பார்த்து மூடியைப் பூட்டாதீர்கள். மியூஓஎஸ்ஸில் இருக்கும் இன்புட் டெஸ்டர், நான்கு திசையும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் போதும், அதற்கு மேல் ஆட்டம்தான் பரிட்சை.

என் ரியூ வலப்பக்கம் பார்த்து நின்றால் கேட்டபோதெல்லாம் ஹடோகன் போடுகிறான். எதிராளி தாண்டிக் குதித்து, இடப்பக்கம் பார்க்க வேண்டி வந்தால் பாதி நேரம் குத்து மட்டும்தான். கீழ்-இடது மூலை பலவீனம். 'கீழ்' கான்டாக்ட்டின் இடது ஓரத்தில் உள்ள டேப்பை ஒரு மயிரிழை குறைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அல்லது டேப்பைத் தொடாமல், நடுக்குமிழின் கீழ் ஒரு வட்ட ஸ்டிக்கர் வைத்து உயர்த்திப் பார்க்கலாம். நோயின் வேர் அங்கேதான் என்பதால் எனக்கு இரண்டாவது வழியில்தான் ஆசை.

இதற்கிடையில் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் என்ற இன்னொரு கையடக்கக் கருவி மேல் கண் போய்விட்டது. ஜிபிஏ (கேம்பாய் அட்வான்ஸ்) திரை 240×160. என் 640×480 திரையில் முழு எண் மடங்கு என்றால் இரண்டுதான், 480×320, சுற்றிலும் கருப்பு. அகலத்தை நிரப்பினால் 2.67 மடங்கு, சில பிக்சல் தடிமன், சில ஒல்லி, பக்கவாட்டில் ஓடும்போது படம் மினுமினுக்கிறது. அந்தக் கருவியின் 3.4 அங்குலத் திரை 720×480, அச்சாக மூன்று மடங்கு. ஜிபிஏவுக்கென்றே வெட்டிய திரை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஆனால் முதலில் ரியூவின் இடப்பக்கம். ஆகவே பின்மூடிக்கு இன்னும் ஸ்க்ரூ போடவில்லை, இரண்டு ரப்பர் பேண்டில் நிற்கிறது. குமிழுக்கு ஸ்டிக்கர் வைத்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எவ்வளவு தடிமன் என்று சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு திரும்பப் போர்டைத் தூக்கும்போது அதையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறேன்.