பள்ளியைத் திறந்துவைக்க நான் அலைந்த ஐந்து மாதங்கள்

மோட்டார் ஓடவில்லை என்று எனக்குத் தெரிந்தது 2021 ஆகஸ்ட் 23ஆம் தேதி. கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளியில் செப்டம்பர் 1 முதல் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளை நடத்த வேண்டும். கையில் இருந்தது எட்டே நாள். அதில் நான்கு நாள் அலுவலகம் அலுவலகமாக அலைந்ததிலேயே போயிற்று. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நான் கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. வகுப்புக்கு 20 பேர், முகக்கவசம், வெப்பநிலைப் பரிசோதனை, கை கழுவ வசதி என்று வந்த நெறிமுறைகளை எல்லோரும் படித்திருப்பீர்கள். அவற்றைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நெறிமுறையில் எழுதப்படாத இடங்களில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டு தவித்தோம். இப்படி ஒரு நிலை மறுபடி வந்தால் வேறொரு தலைமையாசிரியருக்கு நான்கு நாளாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

அந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்பை முடிக்கும் முன்பே, 2020 மார்ச்சில், வீட்டுக்குப் போனவர்கள். ஒன்பதாம் வகுப்பில் 2021 பிப்ரவரி 8 அன்று பள்ளி திறந்து மார்ச் 22இல் மறுபடி மூடிவிட்டார்கள். ஒன்றரை ஆண்டில் அவர்கள் பள்ளியைப் பார்த்தது ஆறே வாரம். அந்தக் கணக்கு மனத்தில் இருந்ததால்தான் பின்னால் "ஒரு வாரம் மூடிவிடுங்கள்" என்று சொன்னபோது என்னால் சும்மா தலையாட்ட முடியவில்லை.

மோட்டாருக்கு வருகிறேன். தரைத்தொட்டியிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் சிறிய மோட்டார். சுவிட்சைப் போட்டதும் ஒரு முனகல், பிறகு கருகல் வாடை. மேலே தண்ணீர் ஏறாவிட்டால் கை கழுவும் குழாயும் இல்லை, கழிப்பறையும் இல்லை. ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். "உயர்நிலைப் பள்ளி எங்களுக்கு வராது, தொடக்கப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும்தான்" என்றார் எழுத்தர். சொன்னது சரிதான். ஆனால் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். மறுநாள் பஸ் பிடித்துக் கட்டடப் பிரிவு அலுவலகம் போனேன். "கட்டடம் எங்களுடையது. மோட்டார் உங்கள் இருப்புப் பதிவேட்டில் இருக்கிறதா? அப்படியானால் நீங்கள்தான் பார்க்க வேண்டும்." பதிவேட்டைக் கையோடு எடுத்துப் போகாததால் அதற்காக இன்னொரு நாள். கடைசியில் எங்கள் துறை அலுவலகத்தில் மூன்று விலைப்புள்ளி கேட்டார்கள். எங்கள் ஊருக்கு இருபது கிலோமீட்டர் சுற்றளவில் மோட்டார் பழுது பார்க்கும் கடை இருப்பதே ஒன்றுதான்.

அந்தக் கடையில் வேலை செய்கிறவர் எங்கள் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா. வெள்ளிக்கிழமை இருட்டும் நேரத்தில் வந்து, பள்ளி நடையிலேயே உட்கார்ந்து மோட்டாரைப் பிரித்தார். விசிறிப் பக்கம் குளவி மண்கூடு கட்டியிருந்தது. விசிறி சுற்ற முடியாமல், சூடேறி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான காயில் கருகிப் போயிருக்கிறது. ஒரு குச்சியால் அந்தக் கூட்டைச் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். பாக்கு அளவு மண். "போடுவதற்கு முன்னால் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருந்தால் போதும், டீச்சர்" என்றார். இரண்டு நாளில் காயில் கட்டிக் கொடுத்தார். செம்புக் கம்பிக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார். அதை ஆசிரியர்கள் பங்கு போட்டுக் கொடுத்தோம். 30ஆம் தேதி மாலை குழாயில் தண்ணீர் வந்தது. அந்த ரசீதுக்கு இன்றுவரை பணம் வரவில்லை, ஆனாலும் கோப்பில் வைத்திருக்கிறேன். நீண்ட விடுமுறை விட்டால் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் மோட்டாரை ஓட்ட ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். அலுவலகம் போவதானால் இருப்புப் பதிவேட்டின் நகல் இல்லாமல் பஸ் ஏறாதீர்கள்.

ஜன்னலைப் பற்றி எந்த ஆய்விலும் யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறை. கிருமிநாசினிப் பாட்டில் எத்தனை என்று கேட்டார்கள், தரையில் வட்டம் போட்டாயிற்றா, போட்டோ எங்கே என்று கேட்டார்கள். காற்றில் பரவும் நோய்க்குக் காற்றோட்டத்தைத்தானே முதலில் பார்க்க வேண்டும்! எங்கள் மூன்று வகுப்பறைகளில் பின்பக்க ஜன்னல்களைத் திருட்டுக்குப் பயந்து எப்போதோ ஆணியடித்து மூடியிருந்தார்கள். ஓவிய ஆசிரியர் ஒரு பிற்பகல் முழுக்க நின்று ஆணிகளைப் பிடுங்கிக் கொக்கி போட்டார். எதிரெதிர் ஜன்னல் திறந்த பிறகு, கரும்பலகைப் பக்கம் மாட்டியிருந்த நாள்காட்டித் தாள் படபடத்தது. மற்ற எந்த ஏற்பாட்டையும்விட அதைத்தான் நம்பினேன்.

தெர்மல் ஸ்கேனர் முதல் நாளே காலை வாரிவிட்டது. முதல் முப்பது பேருக்கும் 93, 94 என்றே காட்டியது. கருவியில் உடலுக்கு ஒன்று, பொருளின் மேற்பரப்புக்கு ஒன்று என இரண்டு அமைப்பு உண்டு. யாரோ கை தவறி மேற்பரப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். அதைச் சரிசெய்தால், வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல் காட்டியது. வேப்பமர நிழலில் பத்து நிமிடம் உட்காரவைத்துப் பார்த்த பிறகுதான் எண்கள் நம்பும்படி வந்தன.

இன்னொன்று. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. எங்கள் தூய்மைப் பணியாளர் நன்றாகச் சுத்தமாகட்டும் என்று கலந்துவிட்டு, கண்ணும் மூக்கும் எரிய வெளியே ஓடி வந்தார். குளோரின் வாயு உயிரைக் குடிக்கும். இதை வாயால் சொன்னால் போதாது, வாளிமேல் எழுதி ஒட்டுங்கள்.

எங்கள் சத்துணவு சமையலர் அக்கா இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டுக்கொண்டவர். ஆனால் அவருடைய சான்றிதழ் இரண்டு தாளிலும் 'முதல் தவணை' என்றிருந்தது. முதல் ஊசிக்கு மகனின் செல்பேசி எண், இரண்டாவது ஊசிக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் எண். தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளம் அவரை இரண்டு ஆளாக்கிவிட்டது. "ஒரு தவணைதான் போட்டிருக்கிறீர்கள், சமையலறைக்குள் விட முடியாது" என்று ஆய்வுக்கு வந்தவர் சொன்னதும் அக்கா கலங்கிவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு முறை போனார். இரண்டு முறையும் "கணினிக்காரர் இல்லை." கடைசியில், இரண்டு முதல் தவணைச் சான்றிதழ்களை ஒன்றாக்கக் கோரும் வசதி அந்தத் தளத்திலேயே இருப்பதை எங்கள் அறிவியல் ஆசிரியை கண்டுபிடித்தார். கோரிக்கை போட்டு ஐந்தாம் நாள் சரியான சான்றிதழ் வந்தது. அந்த ஐந்து நாளும் அக்கா வெளியே மரத்தடியில் உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுத்தார்.

பத்தாம் வகுப்புப் பதிவேட்டில் 58 பெயர். முதல் நாள் வந்தவர்கள் 49. மீதி ஒன்பது பேரில் நான்கு பேரைத் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் தீபாவளிக்குள் திரும்பக் கூட்டிவந்தோம். ஒரு பெண்ணுக்கு ஜூன் மாதமே திருமணம் ஆகியிருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இரண்டாவது வாரத்தில் அது வந்தது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, காலை வழிபாட்டுக்குப் பிறகு வகுப்பாசிரியையிடம், "டீச்சர், இன்று காப்பி மணக்கவே இல்லை" என்றிருக்கிறாள். ஸ்கேனரில் 97.8. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. வகுப்பாசிரியை தினமும் ஒவ்வொரு பிள்ளையிடமும் "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறவர். அவர் கேட்டதால்தான் அவள் சொன்னாள். கருவியைவிட அந்தக் கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. அன்றே ஆர்டி-பிசிஆர் என்ற கொரோனா பரிசோதனை எடுத்தார்கள். இரண்டாம் நாள் மாலை 'பாசிட்டிவ்' என்று வந்தது.

அரை மணி நேரத்துக்குள் தொலைபேசி. "பள்ளியை ஒரு வாரம் மூடிவிடுங்கள்" என்றது அலுவலகக் குரல். எழுத்தில் கேட்டேன். "அதெல்லாம் பிறகு வரும்" என்றார்கள். அப்போது கைகொடுத்தது, செப்டம்பர் 1 அன்றே ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒட்டியிருந்த இருக்கைப் படம். யார் எந்த பெஞ்சு, எந்தப் பக்கம் என்று பெயரோடு எழுதி, இடம் மாறி உட்காரக் கூடாது என்று முதல் நாளிலிருந்தே கறாராக இருந்தோம். மதிய உணவுக்கும் அறைவாரியாகத் தனித்தனி நேரம், தனித்தனி மரத்தடி. அந்தப் படத்தையும் உணவு நேரப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு அன்றிரவே வட்டார மருத்துவ அலுவலரைப் போய்ப் பார்த்தேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இந்த அறையை மட்டும் மூடுங்கள், மற்றவை நடக்கட்டும்" என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த அறையின் மற்றப் பிள்ளைகளுக்கும் அங்கே பாடம் எடுத்த ஆசிரியர்களுக்கும் பரிசோதனை செய்தார்கள். ஒருவருக்கும் இல்லை. மற்ற இரண்டு அறைகளில் ஒரு நாள்கூடப் பாடம் நிற்கவில்லை. இந்த ஐந்து மாதத்தில் நான் வென்ற இடம் என்றால் அதுதான்.

தோற்ற இடமும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஆசிரியர் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டு, "இவளுடன் பழகியவர்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்" என்று எழுதிவிட்டார். பத்து நிமிடத்தில் அழிக்கவைத்தேன். ஆனால் விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பம். வீட்டில் வேறு யாருக்கும் தொற்று இல்லை. ஊர்க்கோடியில் தனியே இருக்கும் தாத்தாதான் பால் கறந்து கேனைக் கொண்டுபோனார். அதையும் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்க மறுத்துவிட்டார்கள். நான்கு நாள் காலையும் மாலையும் கறந்த பால். சுகாதார ஆய்வாளர் நேரில் போய்ப் பேசிய பிறகுதான் வாங்கினார்கள். அவளுடைய அம்மா என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது. அறையின் எண்ணைச் சொல்லுங்கள், தேதியைச் சொல்லுங்கள், பரிசோதனைக்கு வரவேண்டியவர்களைத் தனித்தனியே அழைத்துச் சொல்லுங்கள். பிள்ளையின் பெயரை மட்டும் எந்தக் குழுவிலும் போடாதீர்கள். இதை முதல் கூட்டத்திலேயே ஆசிரியர்களிடம் சொல்லியிருக்க வேண்டியது நான்.

நவம்பர் 1 அன்று 6 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் வந்தது பெரிய சிக்கல் இல்லாமல் நடந்தது. முகக்கவசத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் சின்னவர்களைக் கவனிப்பதுதான் வேலை.

2022 ஜனவரியில் 15 முதல் 18 வயதினருக்குத் தடுப்பூசி. எங்கள் பள்ளி முகாம் ஜனவரி 4. முன்பதிவுக்கு ஓடிபி வேண்டும், ஆனால் பாதிப் பேர் வீட்டில் இருக்கும் ஒரே செல்பேசி அப்பாவோடு பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தது. ஆசிரியர்களின் எண்களைக் கொடுத்தோம். ஓர் எண்ணில் நான்கு பேருக்கு மேல் அப்போது பதிய முடியாது. எட்டு ஆசிரியர்களின் எண்களும் நிரம்பி, எழுத்தரின் மனைவி எண்வரை போனோம். 2007 அல்லது அதற்கு முன் பிறந்திருக்க வேண்டும் என்பது விதி. ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பேருக்கு ஆதாரில் 2008, பள்ளிப் பதிவேட்டில் 2007. மாணவர் அடையாள அட்டையும் செல்லும் என்று அறிவித்திருந்தார்கள், ஆனால் அந்த ஆண்டு அட்டையே வழங்கவில்லை. முகாமுக்கு முந்தைய நாள் இரவு பத்து மணிவரை உட்கார்ந்து, போட்டோ ஒட்டி, பள்ளி முத்திரை குத்தி அட்டை தயாரித்தோம். காலையில் வந்த செவிலியர் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். எந்தப் பிள்ளை யாருடைய எண்ணில் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க மறக்காதீர்கள். இரண்டாம் தவணைக்கு அதே எண்தான் வேண்டியிருந்தது. சமையலர் அக்காவால் எங்களுக்குக் கிடைத்த பாடம் இது.

செப்டம்பரில் நோய்ப்பட்ட பெண்ணும் வரிசையில் நின்றாள். தொற்று குணமாகி மூன்று மாதம் கழித்தே ஊசி என்பதால் தேதியை எண்ணிப் பார்த்தோம். மூன்று மாதம் கடந்திருந்தது. என் எண்ணில் நான்காவதாகப் பதிந்தது அவளைத்தான்.

அதற்குள் கொரோனாவின் ஒமைக்ரான் வகை பரவ, மறுபடி எல்லா வகுப்புகளையும் நிறுத்தினார்கள். பிப்ரவரி 1 அன்று திறந்தார்கள். ஜனவரி 4இலிருந்து 28ஆம் நாளும், அதாவது இரண்டாம் தவணைக்குரிய நாளும், அதுவே. மோட்டார் விசிறியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டேன், ஓடியது. பத்து மணிக்குச் செவிலியர் பெட்டியோடு வந்தார். அவள் கையில் பஞ்சை அழுத்தியபடி வெளியே வந்து, "டீச்சர், இன்று வகுப்பு உண்டா?" என்று கேட்டாள்.

"உண்டு, போய் உட்கார். மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் பக்கம், உன் பழைய இடம்தான்."